நால்வர் பாட, ஐந்தாவது குரல்!

சலூனில் என்னென்ன கிடைக்கும்? கிராப்பு கிடைக்கும், சவரம் கிடைக்கும், அட்டை கிழிந்த பழைய பத்திரிகை கிடைக்கும், ஊர் வம்பு வேண்டிய மட்டும் கிடைக்கும். சங்கீதம் கிடைக்குமா?

"ஏன், ரேடியோ வைத்திருந்தால் கிடைக்குமே!" என்பீர்கள். அதைச் சொல்லவில்லை. கத்தரியும் சீப்பும் தாளம் போடும் இடத்திலே வளர்ந்து, அந்த இடத்தின் பெயரையே தன் பெயராகவும் சூட்டிக்கொண்டுவிட்ட ஒரு சங்கீதம் அமெரிக்காவில் இருக்கிறது. 'பார்பர் ஷாப் ஹார்மனி' என்று அதற்குப் பெயர்.

'சலூன் என்றால் ஆண்கள் சமாசாரம், நமக்கென்ன?' என்று வாசகிகள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இந்தக் கதையில் பாதி பெண்களுடையது. அதிலும், கதை முழுவதிலும் மிகுந்த தைரியம் வேண்டியிருந்த காரியம் ஒன்றைச் செய்தவர்கள் பெண்கள்தாம். அது பின்னால் வருகிறது. முதலில் பாட்டைக் கேட்போம்.

நான்கு தொண்டைகள்

மேடைக்கு நான்கு பேர் வந்து நிற்பார்கள். தம்பூரா இல்லை, பியானோ இல்லை, மிருதங்கம் மாதிரி ஒன்றும் இல்லை. ஒருவர் கையில் மாத்திரம் உள்ளங்கைக்குள் அடங்குகிற வட்டமான சின்ன ஊதல் ஒன்று இருக்கும். 'பிட்ச் பைப்' என்பார்கள். அதை ஒரே ஒரு தடவை ஊதிச் சுருதியைக் காட்டிவிட்டுச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்வார். அவ்வளவுதான். அப்புறம் நான்கு தொண்டைகள்தாம் எல்லாம்.

நம் ஊரில் நான்கு பேர் சேர்ந்து பாடினால் நால்வரும் ஒரே ஸ்வரத்தைத்தான் பாடுவார்கள். ஒருவர் காந்தாரத்திலும் இன்னொருவர் பஞ்சமத்திலும் நின்றால், "இவர்களுக்குள் ஏதோ சண்டை" என்று சபையில் பேசிக்கொள்வோம். பார்பர் ஷாப் பாட்டிலோ, ஒரே சொல்லை, ஒரே கணத்தில், நான்கு பேரும் நான்கு வெவ்வேறு ஸ்வரங்களில் பாட வேண்டும். அந்த நான்கும் ஒன்றையொன்று தழுவிக்கொண்டு ஒரே ஒலியாக வந்து விழ வேண்டும். இப்படி ஸ்வரங்கள் கூடி ஒலிப்பதற்குத்தான் மேல் நாட்டார் ஹார்மனி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

நால்வருக்கும் தனித்தனி உத்தியோகம் உண்டு. பாட்டின் மெட்டைப் பாடுகிறவர் 'லீட்'. கேட்கிறவர் வீட்டுக்குப் போகும்போது எதை முணுமுணுத்துக்கொண்டு போகிறாரோ, அது இவர் பாடியது. தேவாலயப் பாடகர் கோஷ்டிகளில் மெட்டு பெரும்பாலும் மேல் குரலில் இருக்கும். இங்கே லீட்டுக்கு மேலேயும் ஒரு குரல் உண்டு. அது 'டெனர்'. மல்லிகைச் சரம் மாதிரி இலேசாக, மெட்டின் தலைமேல் சூடினாற்போல் இருக்க வேண்டும். கனத்தால் போயிற்று.

எல்லாவற்றுக்கும் கீழே 'பேஸ்'. வீட்டுக்கு அஸ்திவாரம் போல. இவர் பலமாகவே பாடலாம்; பாடவும் வேண்டும். மற்ற மூவரும் இவர்மேல்தான் நிற்கிறார்கள்.

நாலாவது ஆசாமி 'பாரிடோன்'. இவர் பாடுதான் பரிதாபம். ஸ்வரக் கூட்டில் மற்ற மூவரும் எந்த ஸ்வரத்தை விட்டுவைக்கிறார்களோ, அதைப் பொறுக்கிக்கொள்ள வேண்டியது இவர் வேலை. ஒரு சமயம் லீட்டுக்கு மேலே தாவுவார். மறு சமயம் கீழே குதிப்பார். அவர் பாடும் வரியை மட்டும் தனியாகக் கேட்டால், மெட்டே இல்லாத ஏதோ அலைச்சல் மாதிரி இருக்கும். பாரிடோன்களைப் பற்றி அந்த வட்டாரத்தில் கேலித் துணுக்குகளுக்குக் குறைவே இல்லை. ஆனால் அவரை நிறுத்திவிட்டு மற்ற மூவரையும் பாடச் சொல்லிப் பாருங்கள்; பாட்டு பொக்கை வாயாகிவிடும். பெருங்காயத்தைத் தனியாக வாயில் போட்டால் முகத்தைச் சுளிப்போம். அது இல்லாத ரசத்தை ரசம் என்று யார் ஒப்புக்கொள்கிறார்கள்?

யாரும் பாடாத குரல்

இந்தப் பாட்டுக்காக மனிதர்கள் பைத்தியமாக அலைவதற்குக் காரணம் மெட்டும் அல்ல, சாகித்தியமும் அல்ல. நான்கு குரலும் துல்லியமாகச் சேரும் கணத்தில் ஒரு விந்தை நடக்கிறது. நான்கு பேர் பாடும்போது ஐந்தாவது குரல் ஒன்று கேட்கிறது! அந்த வட்டாரத்தில் இதை 'ரிங்' என்கிறார்கள். மணி அடித்தாற்போல் ரீங்கரிக்கிறது என்று அர்த்தம்.

நல்ல தம்பூராவைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிது அல்ல. தம்பூராவின் தந்திகளை ஸட்ஜத்திலும் பஞ்சமத்திலும்தான் கூட்டுகிறோம். ஆனாலும் சுருதி சுத்தமாகச் சேர்ந்துவிட்டால், யாரும் கூட்டாத அந்தர காந்தாரம் அதிலிருந்து தானாகவே எழும். 'ஸ்வயம்பூ காந்தாரம்' என்று நம் வித்வான்கள் அதைச் சொல்வார்கள். தந்தியில் நடப்பது தொண்டையிலும் நடக்கும்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, கணக்குத்தான். எந்தத் தந்தியானாலும், எந்தத் தொண்டையானாலும், ஒரு ஸ்வரத்தை எழுப்பும்போது அதனுடைய இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று துணை ஒலிகளும் கூடவே மெல்லியதாக எழும்புகின்றன. இப்போது நான்கு பேர் ஸட்ஜம், அந்தர காந்தாரம், பஞ்சமம், கைசிகி நிஷாதம் இந்த நான்கிலும் நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஹரிகாம்போஜி ராகத்து ஸ, க, ப, நி என்றால் சுலபமாக விளங்கும். இந்தக் கூட்டுத்தான் பார்பர் ஷாப் பாட்டின் உயிர்நாடி. ஒரு பாட்டில் இது மறுபடியும் மறுபடியும் வந்தால்தான் அதைப் பார்பர் ஷாப் என்றே ஒப்புக்கொள்வார்கள்.

ஸட்ஜம் விநாடிக்கு 400 அதிர்வு என்றால், காந்தாரம் 500, பஞ்சமம் 600, நிஷாதம் 700 ஆக இருக்க வேண்டும். நாலு, ஐந்து, ஆறு, ஏழு. குழந்தைகள் எண்ணுகிற வரிசைதான். இப்போது பாருங்கள். ஸட்ஜத்தின் மூன்று மடங்கு 1200. பஞ்சமத்தின் இரு மடங்கும் 1200. ஸட்ஜத்தின் ஐந்து மடங்கு 2000. காந்தாரத்தின் நான்கு மடங்கும் 2000. ஸட்ஜத்தின் ஏழு மடங்கு 2800. நிஷாதத்தின் நான்கு மடங்கும் 2800. தனித்தனியாகக் காதில் விழாத மெல்லிய ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நிற்பதால், நால்வருக்கும் மேலே ஒரு புது ஒலி மினுமினுக்கிறது. கீழேயும் ஒரு வேடிக்கை உண்டு. பக்கத்துப் பக்கத்து ஸ்வரங்களுக்குள் வித்தியாசம் ஒவ்வொன்றும் 100. அந்த 100 அதிர்வையும் நம் காது தானே உண்டாக்கிக்கொண்டு, அடியில் யாரோ கனத்த குரலில் பாடுகிறாற்போல் கேட்கிறது.

ஆனால் 500-க்குப் பதிலாக 505 என்று ஒருவர் பாடிவிட்டால் 2000-மும் 2020-மும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். ஐந்தாவது குரல் போன இடம் தெரியாது. பியானோவிலும் ஹார்மோனியத்திலும் இந்த ரீங்காரம் அவ்வளவு சுத்தமாகக் கிடைக்காததற்குக் காரணமும் இதுதான். எல்லா ஸ்ருதிக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று அவற்றின் கட்டைகளைச் சரிக்கட்டி வைத்திருக்கிறார்கள். இந்தக் கூட்டுக்கு வேண்டிய நிஷாதத்தைவிடப் பியானோவின் நிஷாதம் அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உயர்ந்து நிற்கும். மனிதத் தொண்டைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அடுத்தவரைக் கேட்டுக்கொண்டே இழையளவு இறங்கி வர முடியும்.

அடுத்தவரைக் கேட்டுக்கொண்டே என்பதுதான் இதில் முக்கியம். அதனால்தான் பார்பர் ஷாப் பாடகர்கள் குரலை நடுக்குவதில்லை. 'ஆ' என்றால் நால்வர் வாயும் ஒரே மாதிரி 'ஆ' என்று திறக்க வேண்டும். "என் குரலைப் பார்" என்று ஒருவர் கிளம்பினால் பாட்டு அங்கேயே விழுந்துவிடும். எத்தனை பெரிய குரலாக இருந்தாலும், பக்கத்தில் நிற்கிறவருக்குக் கொஞ்சம் இடம் விட்டால்தான் அந்த ஐந்தாவது விருந்தாளி வருவார்.

கடையில் வளர்ந்த குழந்தை

சரி, சலூன் எங்கே வந்தது?

முடிதிருத்தும் கடைக்கும் பாட்டுக்கும் தொடர்பு வெகு பழசு. முந்நூறு, நானூறு வருஷங்களுக்கு முன்பு இங்கிலாந்தில் இந்தக் கடைகளில் 'ஸிட்டர்ன்' என்ற தந்தி வாத்தியம் ஒன்று சுவரிலே மாட்டியிருக்குமாம். காத்திருக்கும் வாடிக்கைக்காரர் பொழுது போக்குவதற்காக.

ஆனால் நாம் பேசுகிற நால்வர் பாட்டு வளர்ந்தது அமெரிக்காவில், அதுவும் கறுப்பின மக்களிடையே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த நாட்டின் பல ஊர்களில் முடிதிருத்தும் தொழில் பெரும்பாலும் கறுப்பினத்தவர் கையில் இருந்தது. நாடக சாலைகளும் கிளப்புகளும் அவர்களை உள்ளே விடாத காலம். வேலை முடிந்து நாலு பேர் கூடிப் பேச வேண்டுமானால் அவர்களுக்குக் கிடைத்த இடங்களில் ஒன்று அந்தக் கடை. பேச்சு பாட்டாக மாற எத்தனை நேரம் ஆகும்?

ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் என்ற கறுப்பினக் கவிஞர், பிளாரிடா மாநிலத்து ஜாக்ஸன்வில் நகரில் பிறந்து வளர்ந்தவர். தம் ஊரில் சலூனுக்கு ஒரு நால்வர் குழு இருந்ததாக 1925-இல் வெளியான ஒரு பாட்டுத் தொகுதியின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஒருவர் மெட்டைப் பிடிப்பார், மற்றவர்கள் தடவித் தடவித் தங்கள் ஸ்வரத்தைத் தேடுவார்கள். புதிதாக ஒரு கூட்டு அகப்பட்டுவிட்டால், விடாதே, பிடி என்று ஆரவாரம் செய்து அதையே நீட்டிக்கொண்டு நிற்பார்களாம். பிற்காலத்தில் டிரம்பெட் வாத்தியத்தால் உலகத்தையே ஆட்டிவைத்த லூயி ஆர்ம்ஸ்டிராங், சிறு பையனாக நியூ ஆர்லியன்ஸ் தெருக்களில் நால்வர் குழுவில் பாடித்தான் சில்லறை சேர்த்தார். ராக்டைம் இசையில் புகழ் பெற்ற ஸ்காட் ஜாப்ளின் 1911-இல் வெளியிட்ட 'டிரீமோனிஷா' என்ற சங்கீத நாடகத்திலும் இந்த மாதிரி நால்வர் பாட்டு உண்டு.

1910-இல் 'ப்ளே தட் பார்பர் ஷாப் கார்ட்' என்ற பாட்டு வெளியாகிப் பிரபலமானதும் பெயர் நாடெங்கும் பரவியது. இசைத்தட்டுக்களிலும் வேடிக்கை நாடக மேடைகளிலும் வெள்ளையர்களின் நால்வர் குழுக்கள் கொடி கட்டிப் பறந்தன. நாளடைவில் மக்கள் மனத்தில் பதிந்த படம் வேறாகிவிட்டது. வைக்கோல் தொப்பி, கோடு போட்ட அரைக்கோட்டு, முறுக்கிய மீசை, நான்கு வெள்ளைக்காரர்கள்! 1936-இல் நார்மன் ராக்வெல் என்ற சித்திரக்காரர் ஒரு பெரிய வாரப் பத்திரிகையின் அட்டைக்கு நால்வர் குழு ஒன்றை வரைந்தார். அந்த நால்வரும் வெள்ளையர்களே. பாட்டைப் பெற்று வளர்த்தவர்கள் படத்திலேயே இல்லை.

மொட்டை மாடியில் ஒரு சங்கம்

இனி 1938-ஆம் வருஷத்துக்கு வருவோம். ஓக்லஹோமா மாநிலத்தில் டல்ஸா என்று ஒரு நகரம். அந்த ஊர்க்காரர்களான ஓவன் காஷ் என்ற வரி வக்கீலும் ரூபர்ட் ஹால் என்ற முதலீட்டுத் தொழில்காரரும் கான்ஸாஸ் ஸிடியில் ஒரு ஹோட்டலில் தற்செயலாகச் சந்தித்தார்கள். புயல் காரணமாக ஊர் திரும்ப முடியவில்லை. பேச்சுவாக்கில், இளமையில் பாடிய நால்வர் பாட்டுக்கள் வழக்கொழிந்து போகின்றனவே என்று இருவருக்கும் ஒரே வருத்தம்.

ஊருக்கு வந்ததும் நண்பர்களுக்குக் கடிதம் போட்டார்கள். வேடிக்கையான கடிதம். சர்வாதிகாரிகளும் சர்க்கார் கட்டுப்பாடும் மலிந்துவிட்ட இந்தக் காலத்தில், யாருடைய மேற்பார்வையும் இல்லாமல் மிஞ்சியிருக்கிற உரிமை நால்வர் பாட்டு ஒன்றுதான் என்ற தோரணையில் எழுதியிருந்தார்கள். ஏப்ரல் 11-ஆம் தேதி டல்ஸா கிளப்பின் மாடித் தோட்டத்தில் 26 பேர் கூடினார்கள். மூன்றாவது கூட்டத்துக்குள் அது சுமார் 150 ஆகிவிட்டது. திறந்த ஜன்னல் வழியே பாட்டு வெளியே வர, தெருவில் வண்டிகள் நின்றுவிட்டன. என்னமோ விபத்து என்று ஓடிவந்த பத்திரிகை நிருபரிடம் காஷ், ஊருக்கு ஊர் தங்கள் சங்கத்துக்குக் கிளைகள் இருப்பதாக அளந்துவிட்டாராம். செய்தி வெளியானதும், "நாங்களும் சேரலாமா?" என்று நாலா திசைகளிலிருந்தும் கடிதங்கள். அளந்தது உண்மையாகிவிட்டது! இது சங்கத்தாரே சொல்லிச் சிரிக்கும் கதை.

சங்கத்தின் பெயர் 'அமெரிக்காவில் பார்பர் ஷாப் நால்வர் பாட்டைப் பாதுகாத்து ஊக்குவிக்கும் சங்கம்'. ஆங்கிலத்தில் முதலெழுத்துக்கள் மட்டும் எட்டு: எஸ். பி. இ. பி. எஸ். க்யூ. எஸ். ஏ. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் சர்க்கார், இலாகாவுக்கு இலாகா முதலெழுத்துப் பெயர் வைத்துக்கொண்டிருந்ததைக் கேலி செய்யவே இப்படி. 2004-இலிருந்து அந்தச் சங்கம் 'பார்பர் ஷாப் ஹார்மனி ஸொஸைடி' என்ற பெயரில் நடந்து வருகிறது.

சாத்திய கதவு

யாருடைய மேற்பார்வையும் இல்லாத உரிமை என்று கடிதத்தில் எழுதினார்கள் அல்லவா? அந்த உரிமைக்கு அவர்களே வேலி போட்டார்கள்.

நியூயார்க்கில் கிராண்டு ஸென்ட்ரல் ரயில் நிலையத்தில் பெட்டி தூக்கும் போர்ட்டர்களுக்குச் சிவப்புக் குல்லாய்தான் அடையாளம். அவர்களில் நால்வர் 'கிராண்டு ஸென்ட்ரல் ரெட் காப்ஸ்' என்ற பெயரில் பாடினார்கள். நால்வரும் கறுப்பினத்தவர். 1941-இல் நியூயார்க்கில் நடந்த போட்டியில் அவர்கள்தாம் முதல். அடுத்தபடி ஸெயின்ட் லூயி நகரில் தேசியப் போட்டி. அங்கே சங்கத்தார், "உங்களுக்கு இடமில்லை" என்று சொல்லிவிட்டார்கள். குரல் காரணமல்ல, தோல் காரணம்.

நியூயார்க் மாநிலத்தின் முன்னாள் கவர்னரும் 1928-இல் ஜனாதிபதி தேர்தலுக்கு நின்றவருமான ஆல் ஸ்மித், நகரப் பூங்கா இலாகாவின் தலைவர் ராபர்ட் மோஸஸ் இருவரும் அந்தச் சங்கத்தை விட்டு விலகினார்கள். சங்கம் அசையவில்லை. வெள்ளையர் மட்டுமே அங்கத்தினர் என்ற விதி 1963 வரையில் நீடித்தது.

யாரிடமிருந்து கற்றார்களோ அவர்களையே வாசலில் நிறுத்தி வைத்துவிட்டு, உள்ளே 'ஹார்மனி' பாடிக்கொண்டிருந்தார்கள். இந்தப் பாட்டின் வேர் கறுப்பின மக்களிடையே இருக்கிறது என்பதை லின் அப்பாட் என்ற ஆராய்ச்சியாளர் 1992-இல் சான்றுகளோடு எழுதிய பிறகுதான், பழைய படத்தில் விடுபட்டுப் போனவர்கள் மறுபடி பேச்சில் வந்தார்கள். இன்று அந்தச் சங்கமே அதை ஒப்புக்கொள்கிறது.

பெண்களின் சங்கம்

கதவுக்கு வெளியே நின்றவர்கள் இன்னொரு சாராரும் உண்டு. கணவன்மார் வாரந்தோறும் பாடப் போக, வீட்டில் இருந்த மனைவிமார்கள்தாம். அவர்களில் ஒருவர் டல்ஸா நகரத்து எட்னா மே ஆண்டர்ஸன். 'இவர்கள் இவ்வளவு குதூகலப்படுகிற காரியத்தை நாமும் செய்தால் என்ன?' என்று 1945 ஜூலையில் தம் வீட்டிலேயே சில பெண்களைக் கூட்டினார். 'ஸ்வீட் அடலைன்ஸ்' என்ற பெண்கள் சங்கம் அப்படித்தான் பிறந்தது. 1903-இல் வெளியாகி நால்வர் குழுக்களுக்கெல்லாம் பிரியமாகிவிட்ட ஒரு பாட்டின் பெயர் அது.

பெண்கள் பாடினாலும் குரல்களின் பெயர்கள் மாறவில்லை. டெனர், லீட், பாரிடோன், பேஸ், எல்லாம் அதேதான். "உனக்கு ஆம்பிளைக் குரல்" என்று சொல்லிச் சொல்லிப் பள்ளிக்கூடக் கோஷ்டியில் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்ட பெண்ணுக்கு இங்கே ராஜ மரியாதை. அவள்தானே பேஸ்!

இதற்குள் விஸ்கான்ஸின் மாநிலத்து ஷிபாய்கன் நகரில் நான்கு பெண்கள் 1946-இல் 'கார்டெட்ஸ்' என்ற குழுவை ஆரம்பித்தார்கள். அவர்களில் ஒருத்தியின் தகப்பனார் ஆண்கள் சங்கத்தின் தலைவராக இருந்தவர். அப்பா பாடுவதைக் கேட்டு வளர்ந்த பெண். 1954-இல் அவர்கள் பாடிய 'மிஸ்டர் ஸாண்ட்மன்' அமெரிக்காவில் விற்பனையில் முதலிடத்துக்கே போய்விட்டது.

இனி, முதலில் சொன்ன அந்தத் தைரியமான காரியம். 1950-களின் இறுதியில் பெண்கள் சங்கமும் ஆண்கள் சங்கத்தின் வழியிலேயே போய், வெள்ளைப் பெண்கள் மட்டுமே அங்கத்தினராகலாம் என்று விதி செய்தது. வாசலில் நின்ற கஷ்டத்தை அறிந்தவர்களே இன்னொருத்திக்கு வாசலை அடைத்தார்கள்! ரோட் ஐலண்டு மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரத்திலும் அதைச் சுற்றிலும் இருந்த சில கிளைப் பெண்கள், "இது எங்களுக்குச் சம்மதம் இல்லை" என்று வெளியேறிவிட்டார்கள். 1959-இல் 'ஹார்மனி இன்கார்ப்பரேட்டட்' என்ற புதுச் சங்கத்தை ஆரம்பித்தார்கள்.

ஒரு சங்கத்தை விட்டு விலகுவது பெரிய தியாகமா என்று கேட்கலாம். வீட்டு வேலைக்கும் குழந்தைகளுக்கும் நடுவே வாரத்தில் ஒரு மாலைப் பொழுதைத் தங்களுக்கென்று எடுத்துக்கொண்டவர்கள் அவர்கள். அந்த ஒரு மாலையில் கூடப் பாடிய தோழிகளையும், போட்டிகளையும், பெரிய சங்கத்தின் ஆதரவையும் உதறிவிட்டு, விரல் விட்டு எண்ணக்கூடிய சிலராக மறுபடி ஆரம்பித்தார்கள். தங்களுக்கு ஒரு குறையும் வைக்காத இடத்தை, இன்னொருத்திக்காக விட்டுப் போனார்கள். மார்ட்டின் லூதர் கிங்கின் பெயர்பெற்ற வாஷிங்டன் பிரசங்கத்துக்கு நாலு வருஷம் முன்பே நடந்த காரியம் இது. ஆண்கள் சங்கம் 1963-இலும் ஸ்வீட் அடலைன்ஸ் 1966-இலும் தங்கள் விதியைக் கைவிட்டன. பெண்களுக்கான இரண்டு சங்கங்களும் இன்றும் நடக்கின்றன. ஆண்களின் பழைய சங்கமோ, 2018-இல்தான் பெண்களை முழு அங்கத்தினர்களாகச் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது. 1938-இலிருந்து கணக்கிட்டால் எண்பது வருஷம்! பெண்களுக்குப் பொறுமை அதிகம் என்று சும்மாவா சொல்கிறார்கள்?

சண்டைக்காரர்கள் நால்வர்

இந்தப் பாட்டின் குணத்தை அழகாகக் காட்டிய நாடகம் ஒன்று உண்டு. மெரிடித் வில்ஸன் எழுதி 1957-இல் நியூயார்க்கில் மேடையேறிய 'தி மியூஸிக் மேன்'. 1962-இல் சினிமாவாகவும் வந்தது. ஒரு சின்ன ஊருக்கு எத்தன் ஒருவன் வந்து சேர்கிறான். அவனுடைய சான்றிதழ்களைப் பார்க்க வேண்டும் என்று பள்ளிக்கூட நிர்வாகக் குழுவினர் நால்வர் துரத்துகிறார்கள். அந்த நால்வரும் தமக்குள் வருஷக்கணக்காக முறைத்துக்கொண்டு இருப்பவர்கள். எத்தன் அவர்கள் பேச்சுக் குரலைக் கவனித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு ஸ்வரத்தை எடுத்துக் கொடுக்கிறான். அவ்வளவுதான், நால்வரும் ஹார்மனி பாட ஆரம்பித்துவிடுகிறார்கள்! அப்புறம் அவர்களைப் பிரிக்கவே முடிவதில்லை. சான்றிதழ் கேட்க வரும் போதெல்லாம் அவன் ஒரு பாட்டை எடுத்துக் கொடுக்க, வந்த வேலையை மறந்து பாடுகிறார்கள். மேடையிலும் படத்திலும் அந்த நால்வராக நடித்தது 1950-இல் சாம்பியன் பட்டம் பெற்ற 'பஃபலோ பில்ஸ்' என்ற நிஜக் குழு.

இன்று இந்தப் பாட்டு அமெரிக்காவோடு நிற்கவில்லை. 2012-இல் அமெரிக்கச் சங்கத்தின் சர்வதேசப் போட்டியில் முதல் பரிசை ஸ்வீடன் நாட்டு 'ரிங்மாஸ்டர்ஸ்' கொண்டுபோனார்கள். 2014-இல் நியூஸிலாந்தின் 'மியூஸிகல் ஐலண்ட் பாய்ஸ்' கொண்டுபோனார்கள். போட்டி ஊரில் மேடையைக் காட்டிலும் ஹோட்டல் தாழ்வாரங்களில்தான் உற்சாகம் அதிகம். 'டாக்' என்று பாட்டின் கடைசி வரிகளை மாத்திரம் எடுத்துக்கொண்டு, பெயர்கூடத் தெரியாத நாலு பேர் நின்ற இடத்தில் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்துப் பாடுவார்கள். ஏட்டைப் பார்ப்பதில்லை, காதால் கேட்டே கற்கிறார்கள். நம் குருகுலத்தில் நடந்தது போல. பிப்ரவரி 14 அன்று நால்வர் குழுக்கள் ரோஜாப் பூவோடு வீட்டுக்கும் ஆபீசுக்கும் போய், அன்பானவர்கள் சார்பில் பாடிவிட்டு வருவதும் உண்டு.

வீட்டில் ஒரு சோதனை

படித்ததோடு விடாமல் ஒரு நாள் செய்தும் பார்க்கலாம். செலவில்லை. பாட்டுக் கற்ற நாலு பேர் வேண்டும். அம்மா, பெண், நாத்தனார், அடுத்த வீட்டு மாமி, யாராக இருந்தாலும் சரி. தம்பூரா இல்லாவிட்டால் டெலிபோனிலே வருகிற தம்பூரா போதும். கனத்த குரல்காரர் ஸட்ஜத்தில் நிற்கட்டும். இரண்டாமவர் பஞ்சமம். மூன்றாமவர் சங்கராபரணத்துக் காந்தாரம். நாலாமவர் மேல் ஸட்ஜம். கமகம் கூடாது, அசையாமல் நிற்க வேண்டும். எல்லோரும் 'ஆ' என்றே பாடுங்கள், ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு.

நாலும் சேர்ந்து நின்றதும், மேல் ஸட்ஜக்காரர் மெல்ல இறங்கிக் கைசிகி நிஷாதத்துக்கு வரட்டும். அங்கிருந்து இன்னும் இழையளவு கீழே. அப்போது தம்பூராவை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுங்கள். முதல் தடவை ஒன்றும் கேட்காது; சிரிப்புத்தான் வரும். பத்தாவது தடவையோ இருபதாவது தடவையோ, கூடத்தின் உத்தரத்துக்குப் பக்கத்திலிருந்து யாரோ பாடுகிறாற்போல் ஒரு குரல் வரும். யார் என்று நிமிர்ந்து பார்ப்பீர்கள். பாட்டை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்!

சத்தம் கேட்டு மாடி வீட்டுக்காரர்கள் இறங்கி வந்து எட்டிப் பார்த்தால், அவர்களையும் உள்ளே அழைத்துக்கொள்ளுங்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஹார்மனி பாடியவர்கள் கதையைத்தான் மேலே பார்த்தோமே!